ஆற்றுப்படையில் ஆறு

ஆற்றுப்படை யாது என்று கேட்டால் நம் மாணவர் உடனே விடை கூறுவர். பரிசில் பெற்று மீளும் இரவலன் ஒருவன், எதிரே வரும் வறிய இரவலனைத் தனக்கு ஈந்த வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. விடை சரியானதே. தொல்காப்பியப் புறத்திணையியலும் இதற்குச் சான்று பகரும். ஆயின் இவ்விடையைக் கூறிய மாணவனிடம், 'நல்லது, வழி எங்கே?' என்று மேலும் ஒரு வினாவைத் தொடுத்துப் பாருங்கள், அவன் திகைப்பான். வள்ளலின் பெயர் தெரியும். பாடிய புலவரின் பெயர் தெரியும். அடிகளின் எண்ணிக்கைகூடத் தெரியும். பாணன் எந்த ஊர் வழியாக நடந்தான், எங்கே உண்டான், எங்கே அஞ்சினான் என்பது தெரியாது. குறை மாணவனுடையது என்று சொல்லிவிட முடியாது. ஆற்றுப்படை பற்றி நாம் எழுதும் கட்டுரைகளுள் பெரும்பாலன வள்ளலின் கொடையைப் பேசும். பாணனின் வறுமையைப் பேசும். இடையிலுள்ள நெடுவழியை 'இயற்கை வருணனை' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரியில் அடக்கிவிடும். ஆறு என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய நூலுக்கு ஆறே சிறுபொருளாய்ப் போயிற்று.

நடந்து செல்லும் மக்களுக்கு வழியே நூற்பொருள். இவ்வுண்மையை உணர்வதற்கு, இன்றும் உயிரோடு உள்ள ஒரு நெடுநடையைப் பத்துப்பாட்டின் அருகில் வைத்துப் பார்த்தல் நலம். ஈழத்தின் வடமுனையிலிருந்து கீழைக் கடற்கரை ஓரமாகக் கதிர்காமம் வரை அடியார்கள் நடந்து செல்லும் பாதயாத்திரையையே குறிப்பிடுகின்றேன்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் தொண்டைமானாறு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்றும், பெருமானை அன்னதானக் கந்தன் என்றும் மக்கள் வழங்குவர். யாத்திரை அங்கே தொடங்குகிறது. அடியார் கூட்டம் வேலை முன்னிட்டுப் புறப்பட்டு, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கிறது. முல்லைத்தீவுப் பகுதியில் வற்றாப்பளைக் கண்ணகையம்மன், திருகோணமலையில் கோணேசர், மகாவலியின் கிளையாற்றங்கரையில் வெருகல் சித்திரவேலாயுதர், மட்டக்களப்பில் மாமாங்கேசுவரர், பின்னர் மண்டூர், திருக்கோவில், பொத்துவில், கடைசியாகக் காட்டின் வாயிலில் உகந்தை. உகந்தையோடு ஊர் முடிந்துவிடுகிறது. அப்பால் குமுக்கன் ஆற்றைக் கடந்து, இன்று தேசியப் பூங்காக்களாகக் காக்கப்படும் குமனை, யால காடுகளின் ஊடே சில நாள் நடை; முடிவில் மாணிக்க கங்கையில் நீராட்டு; அதன்பின் கதிர்காமம். ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. முழு வழியையும் நடப்போருக்கு ஒன்றரை மாத அளவு செல்லும். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) நடந்து சென்ற யாத்திரை இது.

இந்நடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு முதியவர் ஒருவர் எதைக் கற்பிக்கிறார்? முருகப்பெருமானின் புகழை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது தெரிந்துதான் வந்திருக்கிறான். எந்த ஊர்க் கிணறு உப்புக்கரிக்காது, எந்தக் கோயில் மடத்தில் இரவு தங்கலாம், எந்த ஊரார் மோரும் கஞ்சியும் வைத்துக் காத்திருப்பர், வெயில் ஏறும் முன் எத்தனை நடை போட வேண்டும், காட்டிலே ஆறு வற்றிக் கிடந்தால் மணலை எங்கே தோண்டினால் நீர் ஊறும், யானையின் தடம் கண்டால் என்ன செய்வது: இவையே பாடம். ஒருவரை ஒருவர் 'சாமி' என்று அழைத்துக்கொண்டு செல்லும் அக்கூட்டத்தில் இப்பாடத்தை ஏட்டைப் பிரித்து யாரும் நடத்துவதில்லை. முன்னே நடப்பவர் பின்னே வருபவருக்குச் சொல்லிக்கொண்டே செல்கிறார். பெற்றான் பெறாதானுக்கு உரைப்பது ஆற்றுப்படை எனில், இஃது ஆற்றுப்படையின் நேரான வடிவம் அன்றோ?

இனிச் சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். நம் பாடப்புத்தகங்கள் இதிலிருந்து எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கடையெழு வள்ளல்களின் பகுதியை. மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லிக்கனி. அழகிய பகுதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பாணன் நடக்கும் வழியில் இல்லை. புலவர் தம் தலைவனாகிய நல்லியக்கோடனை உயர்த்துவதற்காக இடையே நிறுத்திச் சொல்லும் பட்டியல் அது. பாணனுக்கு வேண்டியது அதன்பின் வருகிறது. ஓய்மா நாட்டின் கடற்கரையிலே எயிற்பட்டினம். அங்கே பரதவர் குடியிருப்பு. உயர்ந்த அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக மூட்டி, நுளைமகள் அரித்த தேறலைக் காய்ச்சித் தருவார்கள். சுட்ட குழல்மீன் தருவார்கள். அப்பால் வேலூர். அங்கே எயினர் வீட்டில் புளியிட்ட சூடான சோறும் ஆமானின் சூட்டிறைச்சியும் கிடைக்கும். அப்பால் ஆமூர். அங்கே உழவர் மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைப்பர். அதன்பின்பே கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. அங்கேதான் நல்லியக்கோடனின் வாயில்.

நெய்தல், முல்லை, மருதம் என்று திணைப் பெயரை ஓரத்தில் எழுதிவிட்டு இப்பகுதியைத் தாண்டிவிடுகிறோம். நடப்பவன் கண்ணால் படித்தால் இதன் பொருள் வேறு. ஒரு நாள் நடைக்கு ஒரு சோறு. ஒவ்வொரு சோற்றுக்கும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டாரும் வேறு தொழிலோர், வேறு உணவினர். பசித்தவன் எதை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார் புலவர். கதிர்காம வழியிலும் இவ்வரிசையைக் காணலாம். முல்லைத்தீவின் மீனவர், வாகரைப் பகுதியின் கரையோர வேடர், மட்டக்களப்பின் நெல்வயல் உழவர் என்று குடிகள் மாறிக்கொண்டே வருகின்றனர். நத்தத்தனாரின் பாணன் இறைச்சியும் தேறலும் பெற்றான். இன்றைய அடியார் பெறுவது விரதச் சோறு. உணவு மாறியது; வழிப்போக்கனுக்கு உணவிடுவது கரையோரக் குடிகளின் கடன் என்னும் கொள்கை மாறவில்லை. வள்ளலின் கொடையை மட்டுமே போற்றும் நம் திறனாய்வு, எயிற்பட்டினத்து நுளைமகளின் கொடையைக் கணக்கில் எடுப்பதில்லை. நல்லியக்கோடனுக்குச் செல்வம் இருந்தது, ஈந்தான். சுட்ட மீனைத் தந்த வீட்டில் என்ன செல்வம் இருந்தது?

வழியை இதனினும் விரிவாகப் பாடியது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத் தலைவன் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறார். 583 அடிகளில் மிகப் பெரும்பகுதி வழிதான். பன்றிக்கு வைத்த கல்லடார் இருக்கும், ஆதலால் பொழுது விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு கிடக்கும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். பாசி படர்ந்த வழுக்குநிலத்தில் கொடிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வாறு சொல்லிக்கொண்டே வரும் புலவர் ஓரிடத்தில் ஒரு சிறு செயலைக் கற்பிக்கிறார். வழிகள் பிரியும் இடத்தில், நிலத்தைத் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறார். யாருக்காக? பின்னே வரும் அறியாதவர்களுக்காக. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உயிர்நிலை இவ்விடத்தில் இருப்பதாக நான் கருதுகின்றேன். நன்னனின் பொற்றாமரையைக் காட்டிலும் இப்புல்முடிச்சு பெரிது. தான் சென்ற வழியைத் தனக்குப் பின் வருவோன் தவறவிடலாகாது என்ற ஒரே எண்ணத்திலிருந்தே இவ்வகைப் பாட்டு பிறந்திருக்க வேண்டும்.

இப்போது திருமுருகாற்றுப்படைக்கு வருவோம். இங்கே சற்று அஞ்சியே பேச வேண்டியிருக்கிறது. நாள்தோறும் பாராயணம் செய்யப்பெறும் நூல் அது. பதினோராந் திருமுறையில் இடம்பெற்ற நூல். அதன் கவிதைப் பெருமையில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற நான்கு ஆற்றுப்படைகளும் யாரை வழிப்படுத்துகின்றனவோ அவர் பெயரால் வழங்குகின்றன: பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர். இஃது ஒன்றுமட்டும் சென்று சேரும் பெருமான் பெயரால் வழங்குகிறது. புலவராற்றுப்படை என்று ஒரு பெயரும் இதற்கு உண்டென்பர், அது நிலைக்கவில்லை. பெயரில் நேர்ந்த இம்மாற்றம் நூலின் உள்ளும் உண்டு. திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய், திருவாவினன்குடி, திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என ஆறு இடங்கள் பேசப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி பேசப்படவில்லை. பரங்குன்றிலிருந்து கடற்கரையிலுள்ள அலைவாய்க்கு நடப்பவன் எங்கே தண்ணீர் குடிப்பான் என்று நக்கீரர் சொல்வதில்லை. அது அவர் நோக்கமும் இல்லை. முருகனை உள்ளத்தால் அடைவதற்கான நெறியை அவர் பாடினார். காலால் அடையும் நெறியை விட்டார். ஆறு என்னும் சொல் அவரிடத்தில் எண்ணுப்பெயராகவும் ஆகிவிட்டது என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையில் உண்மை இருக்கிறது.

நக்கீரரைப் பின்பற்றியவர்கள்தாம் நமக்கு மிகுதி. தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று எத்தனை எத்தனையோ நூல்கள் தலத்தைப் பாடின. தலத்துக்குப் போகும் சாலையைப் பாடியவை அரியவை. சேக்கிழாரை விதிவிலக்காகக் கொள்ள வேண்டும். நாவுக்கரசர் எந்தத் தலத்திலிருந்து எந்தத் தலத்துக்குச் சென்றார் என்பதை அவர் வரிசை பிறழாமல் சொல்லிச் செல்வார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நாவுக்கரசர் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்தபோது, இறைவனே பொதிசோறும் குளமும் கொண்டு வழியிலே காத்திருந்த வரலாறு பெரியபுராணத்தில் உண்டு. தலத்திலே காட்சி தருபவன் வழியிலே சோறு தந்தான். நடந்த மக்களின் துன்பம் அறிந்த புலவருக்கே இவ்வரலாற்றின் அருமை தெரியும்.

வழியை மறவாதவர்கள் வேறு சிலர் உண்டு; அவர்களைப் புலவர் என்று கூற நம்மில் பலர் இசையமாட்டார்கள். வழிநடைச் சிந்து பாடியோரைச் சொல்கிறேன். திருவிழாக் காணச் செல்லும் ஒருவன், உடன் வரும் பெண்ணுக்கு வழியிலுள்ள ஊரையும் சோலையையும் சத்திரத்தையும் காட்டிக்கொண்டே செல்வதாக அமைவது அது. மலிவான தாளில் அச்சிட்டுச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்ற சிறு நூல்கள். சந்தம் சில இடத்தில் தட்டும், மொழி கொச்சை, எழுத்துப் பிழைகள் ஏராளம். இலக்கிய வரலாறுகள் 'சிந்து வகைகளுள் ஒன்று' என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுகின்றன. எனினும் பாணனின் வழியை மறுபடியும் பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்களே. இருப்புப்பாதை வந்தபின் நிலையங்களை அடுக்கிப் பாடியவர்களும் இவ்வழியினரே.

அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். ஊற்றுமலைத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் செல்ல, உடன் சென்ற ரெட்டியார் பாடியது அது என்பது வழக்கு. தமிழிலே நடக்கும் காலின் தாளத்தை இவ்வளவு செம்மையாகப் பிடித்த நூல் வேறில்லை. ஆயின் அதன் பொருளைத் துருவிப் பாருங்கள்: கழுகுமலையின் வளம், கோயிலின் சிறப்பு, தலைவியின் காதல். ஊற்றுமலைக்கும் கழுகுமலைக்கும் இடையிலுள்ள மண் அதில் ஒட்டவில்லை. நடை இருக்கிறது, நடந்த வழி இல்லை. வழிநடைச் சிந்திலோ வழி இருக்கிறது, நடைதான் தள்ளாடுகிறது. இரண்டையும் ஒருங்கே பெற்றிருந்தால் நமக்கு இன்னொரு மலைபடுகடாம் கிடைத்திருக்கும்.

வழியைப் பாடாமல் விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கதிர்காம யாத்திரையின் அண்மைக்கால வரலாறு இதற்கு விடை. 1983இல் இலங்கையில் இனப்போர் மூண்டபின் இந்நெடுநடை நின்றது. 1988இல் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர் பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்க அன்பர். 1972இலேயே ஈழத்து அடியார்களோடு இவ்வழியே நடந்தவர். போர் முடிந்தது 2009இல். இடையில் 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரை முழுவதையும் அழித்துச் சென்றது. சாலை மாறியது, தோணித்துறைகள் இருந்த இடங்களில் பாலங்கள் எழுந்தன, ஊர்கள் இடம்பெயர்ந்தன. இத்தனைக்கும் பின் வழி பிழைத்தது எப்படி? முன்னே நடந்த முதியவர் சிலர் உயிரோடிருந்தனர், அவ்வளவே. இன்னும் இருபது ஆண்டு இடைவெளி நேர்ந்திருந்தால் கதிர்காமம் இருந்திருக்கும், அருணகிரிநாதரின் திருப்புகழும் இருந்திருக்கும், உகந்தைக்கு அப்பால் எந்த ஆற்று மணலைத் தோண்டுவது என்பது மறைந்திருக்கும். தலத்தைப் பாடிய பாட்டு வழியைக் காப்பாற்றாது.

அயலார் ஒருவரின் நூலையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. லெனார்டு வுல்ஃப் யாழ்ப்பாணத்திலும் பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலும் ஆங்கில அரசின் அலுவலராக இருந்தவர். கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. 1913இல் அவர் வெளியிட்ட 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் புதினத்தில் கதிர்காமம் வேறு பெயரோடு வருகிறது. சிங்களக் குடியானவர் குடும்பம் ஒன்று நோய் தீர வேண்டி நடக்கும் நடை அது. முருகனை அறியாத அவ்வெழுத்தாளர் நடப்போரின் களைப்பை அறிந்திருந்தார். நம் யாத்திரை நூல்களில் பலவற்றில் களைப்பே இல்லை. எல்லோரும் மெய்சிலிர்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுகின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆற்றுப்படைக்கும் கோலசிலாங்கூருக்கும் என்ன தொடர்பு என்று இதுவரை பொறுத்துப் படித்த அன்பர்கள் கேட்கலாம். ஈழத்து மலையகத் தமிழரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். நோயாலும் பசியாலும் பலர் வழியிலேயே மாண்டனர். அந்த நடைக்கு எயிற்பட்டினம் இல்லை, ஆமூர் இல்லை. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினர். கடல் நடுவே வந்ததால் வழி என்பதே அவர்களுக்கு அறுந்தது. கப்பலை விட்டு இறங்கியவர்களைக் கங்காணி லயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எந்தச் சாலை எங்கே போகிறது என்பது முதலில் தெரிந்திருக்கவே நியாயமில்லை. இத்தகைய மக்கள் இட்ட பெயர்களையும் சொற்களையும் ஆற்றுப்படை படித்த கண்ணால் பார்க்க வேண்டும்.

மைல்கல்லை நாம் கட்டை என்கிறோம். ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்று ஊருக்கே பெயர் வைத்தோம். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து பல்லாண்டு ஆயிற்று, கட்டை போகவில்லை. எண்ணிக்கொண்டே நடந்தவர்களின் சொல் அது. பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். நட்டது செம்பனை, தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! உலகமெங்கும் செம்பனை வரலாறு எழுதுவோர் அனைவரும் இத்தமிழ்ச் சொல்லை எழுதியாக வேண்டியிருக்கிறது. ஃபோக்கோனியே இம்மண்ணில் வாழ்ந்த வாழ்வைக் கொண்டு எழுதிய 'மலேசி' என்னும் புதினத்துக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. சிறந்த நூல்தான், ஆனால் தோட்டத்துரையின் வீட்டிலிருந்து பார்த்த நூல். லயத்திலிருந்து புறப்பட்டு நடந்தவனின் நூல் அதற்கு இணையாக நம் பள்ளி நூலகங்களில் நிற்கவில்லை.

நம் கவிஞர் பாடாமல் இல்லை, நிறையப் பாடினர். பாடியது தலத்தை. இவ்வட்டாரத்தில் தமிழ் நூல்கள் அச்சேறத் தொடங்கிய காலத்திலேயே, 1887இல், சதாசிவ பண்டிதர் பாடிய 'சிங்கைநகர் அந்தாதி' சிங்கப்பூர் முருகன்மேல் எழுந்தது. பத்துமலையின்மேல் எழுந்த பாட்டுகளுக்கு எண்ணிக்கை இல்லை. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அமைத்த கோயில், அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம், 1940இல் கட்டிய 272 படிகள், 2006இல் எழுந்த 140 அடிச் சிலை என்று ஒவ்வொன்றும் பாட்டாயிற்று. ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே பத்துமலைக்குப் போன தலைமுறையின் சாலை பாட்டாகவில்லை. இப்போது சிலாங்கூரின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் குழுக்கள் இரவு முழுவதும் நடந்தே பத்துமலைக்குச் செல்கின்றன. அவர்களுக்கு வழியிலே தண்ணீர்ப் பந்தல் வைப்போரும் உளர். அதுவும் பாட்டாகவில்லை. விந்தை என்னவெனில், இவ்வட்டாரத்தின் பழைய நூல்களுள் வழியைப் பாடியது ஒரு குதிரைப் பந்தய நூல்! 1893இல் சிங்கப்பூரில் ரங்கசாமி தாசன் வெளியிட்ட 'குதிரைப் பந்தய லாவணி', பந்தயம் காணச் செல்லும் பெண்ணுக்கு நகரத்தின் தெருக்களைக் காட்டிச் செல்கிறது. பக்தர் மறந்ததைப் பந்தயக்காரர் நினைவில் வைத்திருந்தார்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று வடக்கே செல்லும் கரைச்சாலையை நினைத்துப் பாருங்கள். ஈழத்துக் கீழைக்கரை போல் மணல் இங்கே இல்லை. அலையாத்திக் காடும் சேறும் வரப்பும்தான். கடலை இடக்கைப் பக்கம் வைத்து இங்கே நடப்பவன் வடக்கே போவான். கோலசிலாங்கூரில் மெலாவத்திக் குன்றின்மேல் 1907 முதல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையின் கலங்கரை விளக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், சன்னலைத் திறந்து அக்குன்றைக் காட்டினாலே போதும். சாலைக்கு உட்புறம் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் அம்மன் கோயில், ஆடித் திருவிழா, கரகம் எந்த வாய்க்காலிலிருந்து புறப்படும், எந்த நிரை வழியே சுற்றிவரும் என்னும் ஒழுங்கு. இவ்வொழுங்கும் ஒரு வழிதான். உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டினர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்கள் 1990களில் கைமாறின. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் வீட்டுரிமைச் சிக்கல் பல்லாண்டு நீண்டது. கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டிவிடலாம். கரகம் வந்த வாய்க்காலைப் பெயர்க்க முடியாது. அது தெரிந்தவர் வாயிலிருந்து எழுதிக்கொள்ளத்தான் முடியும். அவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.

ஆகவே, ஆற்றுப்படையைக் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்கிறேன். வள்ளலை இரண்டாம் பாடமாக வைத்துக்கொள்வோம். வழியை முதற்பாடமாக வைப்போம். சிறுபாணாற்றுப்படையைத் தொடங்குமுன் மாணவன் ஒரு தாளில் கடற்கரைக் கோடு ஒன்று வரையட்டும். எயிற்பட்டினத்தையும் வேலூரையும் ஆமூரையும் கிடங்கிலையும் அதில் குறிக்கட்டும். மறுபக்கத்தில் தன் தாத்தாவோ பாட்டியோ லயத்திலிருந்து தைப்பூசத்துக்குப் போன சாலையை, அவர்கள் சொல்லக் கேட்டு, கட்டை கட்டையாக வரையட்டும். எங்கே லாரி நின்றது, யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள், எந்தப் பாலத்தைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை எழுதட்டும். தேர்வுக்கு இது பயன்படாது என்று சொல்லும் ஆசிரியர்கள் இருப்பர். பரிசில் பெற்றான், பெறாதான் என்ற வாய்பாடு தேர்வுக்கு எப்போதும் இருக்கிறது.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. எயிற்பட்டினத்துப் பகுதியைக் கற்பிக்கும்போது உள்நாட்டு நகரத்து மாணவனுக்குப் பரதவர் குடியிருப்பையும் அலை ஒதுக்கிய விறகையும் குழல்மீனையும் சொல் சொல்லாக விளக்க வேண்டியிருக்கும். ஜெராம் கடற்கரையில் மீன் உலர்வதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அகராதி வேண்டியதில்லை. தேறல் என்றால் என்ன என்பதை மட்டும் ஆசிரியர் சற்றுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆமூருக்குப் போய்விடலாம்.